கித்தார் மாட்டிய கவட்டை

சாரல் என்றால் அருவியில் குளிக்க வந்து போகிறவர்களுக்கு ஒரு வாரச் சந்தோஷம். மேலகரத்தில் பிறந்து வளர்ந்த நம்மைக் கேட்டால்தான் தெரியும் அது என்ன பாடு என்று. உங்களுக்கும் மறந்திருக்காது. ஆனி பிறந்தால் தீக்குச்சி பற்றாது. உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். செருப்பை இரண்டு நாள் போடாமல் விட்டால் பச்சை பூத்துக் கிடக்கும். பாவாடை காய மூன்று நாள் ஆகும், காய்ந்தாலும் அந்த முடை நாற்றம் போகாது. பள்ளிக்கூடத்தில் எல்லார் மேலும் அதே நாற்றம் என்பதால் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

அப்படி ஒரு சாரலில்தான் எங்கள் வீட்டுக்குக் கித்தார் வந்தது. ஐம்பதுகளின் கடைசி, எனக்குப் பதினோரு வயது. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, கொழும்பில் கட்டிக்கொடுக்கப்பட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமா காய்ச்சலில் போய்விட்டார். அத்தை ஒரு தகரப் பெட்டியோடும் மாமாவின் கித்தாரோடும் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். குதிரை வண்டியில் பெட்டியைக் காலடியில் போட்டுவிட்டு, கித்தாரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தெருவில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "இது என்னடே, இடுப்பு வெச்ச வீணையா?" என்று கேட்டார். அழுதுகொண்டு வந்த அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

அத்தை சும்மா மீட்டிக்கொண்டிருப்பவள் இல்லை. மாமாவிடம் முறையாகக் கற்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயில் ஆராதனையில் ஒருநாள் பாட்டுக்குக் கூடவே வாசித்தாள். பாதிப் பேர் பாட மறந்து அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரின் மனைவி, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் பள்ளியில் பாட்டு டீச்சர் தேடுகிறார்கள் என்று சொல்லி எழுதிப் போடவைத்தார். பதில் வந்தது. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் நேரில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும், வாத்தியத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும், பள்ளியில் கித்தார் கிடையாது.

அப்பாவுக்கு இதில் பிடித்தம் இல்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார், கெட்ட மனுஷர் இல்லை. தங்கைக்கு வயது இருபத்து நாலுதானே என்ற கவலை அவருக்கு. ஆலங்குளத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள், கேட்டு விட்டிருந்தார். அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ போயி வாசிச்சுக் காட்டு. வேல கெடச்சா நானே ஒம் பெட்டியத் தூக்கிட்டு வாரேன். கெடைக்கலன்னா ஆலங்குளத்துக்குச் சரின்னு சொல்லிரணும். அதுக்கு மேல ஊருக்கு என்னால பதில் சொல்ல முடியாதும்மா."

"சரிண்ணே" என்றாள் அத்தை. அந்த ஒரு சொல்லோடு அவள் வாழ்க்கை முழுக்க அந்தக் கித்தாரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் அம்மாவுக்குக் கித்தாரைக் கண்டாலே ஆகாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். "அந்தக் கட்டையத் தூக்கி அங்கிட்டு வையி" என்று பெருக்கும்போதெல்லாம் ஒரு சத்தம். மதினிக்கும் நாத்தனாருக்கும் ஒத்துப்போகாது என்பது உலகத்தில் எழுதி வைத்த விஷயம்தானே, அப்படித்தான் அக்கம்பக்கத்திலும் பேசினார்கள். எனக்கும் அத்தை பக்கம்தான் சாய்வு. அம்மா எந்நேரமும் அடுப்படியில் கிடப்பவள், அத்தை கொழும்பு பார்த்தவள். பதினோரு வயதில் நம் கண் எங்கே போகும், சொல்லுங்கள்.

கித்தாரைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள் அத்தை. ஆனி கடைசியில் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் முதுகு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. துடைத்துவிட்டுச் சுவரோரம் நிறுத்தினாள். சுவரும் நம்மூர்ச் சுவர்தானே, சாரலில் அதற்கும் வியர்க்கும். நாலு நாளில் மரம் உப்பிக்கொண்டு, தந்தியைத் தட்டினால் சத்தம் சாக்குக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அத்தை முகம் இருண்டுபோயிற்று.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கித்தார் அடுப்புக்கு நேர் மேலே, உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாதான் கட்டியிருந்தாள். விதைச் சோளம், புளி, சுரைக்குடுக்கையில் வெள்ளரி விதை, இவையெல்லாம் தொங்குகிற இடம் அது. சாரலில் எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடம். என் கவட்டையும் அங்கேதான் தொங்கியது. கல்லடிக்கிற கவட்டை, கொய்யா மரத்தில் பார்த்துப் பார்த்து வெட்டியது. இரண்டு கிளையும் ஒரே கனம், ஒரே வளைவு. ஒரு வருஷமாகப் புகையில் காய்ந்து இரும்பாக ஆகியிருந்தது. தெருப் பையன்கள் அதற்கு ஒரு பம்பரமும் ஆறு கோலியும் தருவதாகச் சொல்லியும் நான் கொடுக்கவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்குக் கவட்டை என்று கேட்டவர்களுக்கு என் மாங்காய்தான் பதில்.

மூன்றாம் நாள் அம்மா நெல் அவித்தாள். பெரிய பானை, பெரிய தீ. மத்தியானம் அடுப்படியில் 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. அத்தை ஓடினாள், பின்னால் நான். தந்திகளைக் கீழே இழுத்துப் பிடித்திருக்குமே ஒரு கட்டை, அது சூட்டில் பசை இளகிப் பிய்த்துக்கொண்டு தந்தியோடு ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "ஒனக்கு அறிவு இருக்கா? ஆலங்குளம் முடியணும்னு நெனைக்கவன் நானே இப்படிச் செய்யலியே!"

அம்மா பானைப் பக்கமே குனிந்து அவித்த நெல்லை வடித்துக்கொண்டே இருந்தாள். குற்றம் செய்தவள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அன்று ராத்திரி அவள் போட்ட சோற்றைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன். இதை இப்போது எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா கித்தாரைத் துணியில் சுற்றித் தெருக்கோடி ஆசாரியிடம் கொண்டுபோனார், நானும் போனேன். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிறு இறுக்கி, இரண்டு நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

"இதுக்கு ஓதமும் ஆவாது, சூடும் ஆவாது அண்ணாச்சி. தொட்டில் பிள்ள மாதிரி காத்தாடத் தொங்கணும். கழுத்தத் தாங்கிப் பிடிக்கணும், முதுகு செவத்துல படக் கூடாது."

"அப்பம் நீரே ஒண்ணு செஞ்சு தாருமே."

"சீசன்லயா? ஐந்தருவியில கடைக்காரன் பூரா என்னைத் தேடிட்டு நிக்கான், தட்டி அடிக்க. அதுவும் போவ, இப்பம் ஏங்கிட்ட கெடக்கது எல்லாம் ஈர மரம். இதுல செஞ்சா நாலு நாள்ல முறுக்கிக்கிடும். காஞ்ச மரம் கொண்டாங்க, பாப்போம்."

ஆடி மாதம் காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? அத்தை வாசித்துக் காட்ட இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அப்பா தானே களத்தில் இறங்கினார். தங்கைக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்று நினைத்த மனுஷர்தான் அவளுக்காகச் சுத்தியலைத் தூக்கினார். அப்பாவை நினைத்தால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும். முதல் நாள் நீள ஆணி ஒன்றை அடித்தார். சுண்ணாம்புச் சுவர் ஊறிக் கிடந்ததா, ஆணியோடு ஒரு பிடி காரை கையில் வந்தது. பிறகு இரண்டு துளை தோண்டி மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அது நின்றது. அதன் மேல் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை வைத்து மரையாணியால் முடுக்கினார். பலகையில் விளக்குமாற்றுக் கம்பை வெட்டி இரண்டு முளை. முளைக்கு நடுவே கழுத்து, மேலே தலை. கித்தார் தொங்கிற்று. அப்பா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "ஆசாரி பெரிய ஆசாரி" என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கித்தார் தொங்கிய அறையில் பொத்தென்று ஏதோ விழுந்தது. தேயிலைப் பலகை ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து, முளை கழன்றுவிட்டது. கித்தார் கீழே கிடந்தது. எதன் மேல் தெரியுமா? மூன்று நாளாகக் காயாத துணிக் குவியல். நான்கு பாவாடை, அப்பாவின் வேட்டிகள், ஒரு ஜமுக்காளம். சாரலை நான் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன், அந்த ஒரு காலையைத் தவிர.

அத்தை கித்தாரை எடுத்து மடியில் வைத்து ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தாள். எங்கும் விரிசல் இல்லை. ஆனால் அவளுக்குள் ஏதோ விட்டுப்போய்விட்டது. "நான் ஆலங்குளத்துக்கே போயிருதேன் மதினி" என்றாள். "இது நிக்காது. இன்னும் பதிமூணு நாள் என்னால இதக் காவல் காத்துட்டு இருக்க முடியாது."

"வாய மூடுட்டி" என்றாள் அம்மா. "காலங்காத்தால பேசுத பேச்சப் பாரு."

அத்தையிடம் அம்மா அத்தனை கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. இட்லிக் கையோடு எழுந்துபோய் அடுப்படியில் நின்று மேலே பார்த்தாள். பிறகு முக்காலி போட்டு ஏறி என் கவட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அத்தையிடமிருந்து கித்தாரை வாங்கி, கழுத்தைக் கவட்டைக்கு நடுவே கொடுத்துத் தலையை மேலே உட்காரவைத்தாள். அளவெடுத்து வெட்டினதுபோல உட்கார்ந்தது.

நான் அழுதேன். தரையில் புரண்டேன் என்றே சொல்லலாம். "அது என் கவட்ட! வேற மரம் இல்லியா ஊர்ல?"

"ஏட்டி, வேற மரம் இருந்தா ஒங்கிட்ட கேப்பனா? இது ஒண்ணுதாம் காஞ்சு கெடக்கு. நீ குடுத்தாத்தாம் அத்த பாளையங்கோட்டைக்குப் போவா. குடுக்கமாட்டேன்னா சொல்லு, இப்பமே திரும்பக் கட்டிருதேன்."

பிடுங்கிக்கொண்டிருந்தால் நான் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன். கேட்டுவிட்டாளே, என்ன செய்ய? ஒரு வாரத்துக்கு நான் தண்ணீர் எடுக்க மாட்டேன் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தேன். ரப்பரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அம்மா அன்று பிற்பகல் முந்தானைக்குள் கவட்டையை மறைத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஒரு சின்னப் பலகையோடு வந்தாள். முகப்பில் கறுப்பு வார்னிஷ் பளபளத்தது. நடுவில் துளை போட்டு, கவட்டையின் காலைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கியிருந்தது. இரண்டு கிளையும் லேசாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா அதை அந்த மரக்கட்டைகளின் மேல் வைத்து முடுக்கினார். அத்தை கிளைகளில் ஃபிளானல் துணியைச் சுற்றித் தைத்தாள். முதுகு சுவரில் சாயாமல் இருக்க, கீழே தையல் மிஷின் நூல் சுற்றுகிற மர உருளை ஒன்றை ஆணியடித்தாள் அம்மா. கித்தாருக்கும் சுவருக்கும் நடுவே என் கை போய் வந்தது.

பலகை எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. ஆசாரி மரம் வைத்திருக்கிறார், பலகை வந்தது, அதில் கேட்க என்ன இருக்கிறது? என் கவட்டையைப் பற்றித்தான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதே நேரத்தில் வீட்டில் இன்னொரு கூத்து நடந்தது. அம்மாவின் அஞ்சறைப்பெட்டியின் மூடியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெட்டி செங்கோட்டையிலிருந்து அம்மாவோடு சீராக வந்தது. பலாமரம். தள்ளித் திறக்கிற மூடி. அவள் அம்மாவும் அதில்தான் கடுகு, சீரகம் வைத்திருந்தாளாம். ஒரு நாழி வெயில் அடித்ததே என்று மூடியைக் கழுவிக் கிணற்றடியில் காயப் போட்டாளாம். திரும்பிப் பார்ப்பதற்குள் குரங்கு.

"ஒரு சாமான ஒழுங்கா வெச்சுக்கிடத் தெரியல ஒனக்கு" என்றார் அப்பா. "ஒங்கம்மா தந்தது வேற."

"கொரங்கு வந்து ஏங்கிட்ட கேட்டுட்டா எடுத்துட்டுப் போவுது?" என்றாள் அம்மா.

நான் தோப்பு முழுக்கத் தேடினேன். புளிய மரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டுக் குரங்கைப் பார்த்து, "கவட்ட மட்டும் இருந்திருந்தா ஒன்னைய..." என்று பல்லைக் கடித்தேன். அதன்பிறகு அந்தப் பெட்டியை அம்மா ஓர் அலுமினியத் தட்டால்தான் மூடினாள். வேறு மூடி செய்யச் சொன்னால், "சேராது" என்பாள். ஒவ்வொரு சாரலிலும் மிளகு பூத்தது, சீரகம் கட்டிக்கொண்டது. ரசத்தில் மணம் இல்லாத நாளெல்லாம் அப்பா, "எல்லாம் அந்தக் கொரங்கு செஞ்ச வேல" என்பார். அம்மா சிரிப்பாள்.

மிச்சம் பன்னிரண்டு நாளும் கித்தார் அசையாமல் தொங்கியது. வெளியே மழைத் தூற்றல், உள்ளே நாங்கள் ஆளுக்கொரு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாகூட பள்ளிக்கூடம் போகுமுன் எட்டிப் பார்ப்பார். சத்தம் நாளுக்கு நாள் தெளிந்தது. பத்தாம் நாள் அத்தை எடுத்து ஒரு தந்தியை மீட்டினாள். அது வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அத்தை அழுதாள். அடுப்படியிலிருந்து அம்மா, "நல்லாருக்குல்லா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அத்தைக்கு வேலை கிடைத்தது. அப்பா சொன்னபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய் விட்டுவிட்டு வந்தார். ஆலங்குளத்துக்காரருக்கும் அவரே போய்ப் பதில் சொன்னார். அத்தை கித்தாரோடு கவட்டைப் பலகையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். முப்பத்து நாலு வருஷம் அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சர். எத்தனை ஊரில் எத்தனை பெண்கள் அவளிடம் கற்றுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்! அதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைத்திருந்தேன். கல்யாணம், சடங்கு, கிறிஸ்துமஸ், எங்கே கூடினாலும் நான் என் கவட்டைக் கதையைச் சொல்வேன். கூடவே குரங்குக் கதையும். அம்மாதான் எல்லாரையும்விட அதிகம் சிரிப்பாள்.

அப்பா போனார். பிறகு அம்மாவும் போனாள், பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் அத்தைக்குத் தனியாக இருக்க முடியாமல் போயிற்று, தொண்ணூறு வயது. நான் தென்காசிக்கு என்னோடு கூட்டிவரப் போனேன். கித்தாரை ஒரு மாணவிக்கு எப்போதோ கொடுத்துவிட்டிருந்தாள். சுவரில் கவட்டை மட்டும் வெறுமே நீட்டிக்கொண்டிருந்தது. "அதக் கழத்தி எடுத்துக்கிடு" என்றாள். ஒரு பையனைக் கூப்பிட்டு மரையாணியைக் கழற்றச் சொன்னேன். பலகை என் கையில் வந்தது. திருப்பினேன்.

பின்பக்கம் வார்னிஷ் இல்லை. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம். தள்ளித் திறக்கிற மூடிகளில் கட்டைவிரல் வைக்க இருக்குமே, அது. அந்தப் பள்ளத்துக்குள் மஞ்சள் ஏறியிருந்தது. சுவரைப் பார்த்தே இருந்ததால் வெளிச்சம் படாமல், இன்று காலையில் ஒருத்தி மஞ்சள் விரலோடு திறந்த மாதிரி அப்படியே இருந்தது.

பலகையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இப்பதாம் பாக்கியா?" என்றாள் அத்தை. "மதினி கொண்டாந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சீரக மணம் போவல. அம்பது வருசம் அடுப்படியில காஞ்ச பலவை, அது எப்படி முறுக்கும்? 'அண்ணங்கிட்ட சொல்லிராத, ஒம் பக்கம் சாஞ்சிட்டேன்னு சத்தம் போடுவாவ'ன்னாவ."

"ஏங்கிட்ட சொல்லிருக்கலாமே அத்த?"

"அதுவும் கேட்டேன். 'பிள்ள கவட்டையக் குடுத்தோம்னு பெருமையா அலையுது. அது குடுத்ததுதாம் பெருசுன்னு இருக்கட்டும். என் மூடியச் சொல்லி அதச் சிறுசாக்கிராத'ன்னாவ."

நான் அழுதேன். எழுபத்தேழு வயதுக் கிழவி அழுகிறாளே என்று அந்தப் பையன் வெளியே போய்விட்டான்.

அத்தை விடவில்லை. "அடுப்புக்கு மேல கட்டுனது பொறாமையிலன்னு நீங்க எல்லாரும் நெனச்சிய. வெள்ளரி வெதக் குடுக்கைய எறக்கி வெச்சிட்டு அந்த எடத்துலல்லா அதக் கட்டுனாவ. எனக்கு அன்னைக்கும் கோவம் இல்ல. அவுகளுக்குத் தெரிஞ்சதுல நல்ல எடம் அது."

ஒருநாள் ராத்திரி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேனே, அந்தச் சோறு எனக்கு அப்போதுதான் தொண்டையில் நின்றது.

இப்போது அந்தப் பலகை என் வீட்டு அடுப்படிச் சுவரில் இருக்கிறது. அத்தையின் குடையை மாட்டுகிறோம். மஞ்சள் பக்கத்தை வெளியே திருப்பி மாட்டலாம் என்றான் என் மகன். வேண்டாம், வெளிச்சம் பட்டால் போய்விடும் என்று பழையபடியே சுவரைப் பார்க்க மாட்டச் சொன்னேன். மாட்டுவதற்கு முன் என் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.

உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன், நீங்கள் என் வயசுக்காரர்கள். பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் நான் இன்றைக்கும் பழைய கதையைத்தான் சொல்கிறேன். கவட்டையை நான் கொடுத்தேன், மூடியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போயிற்று. அம்மா அப்படித்தானே இருக்கட்டும் என்றாள்.